சான்டோ ஸ்டெஃபானோ மலையூரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: எதை முதலில், எதைக் கடைசியில்

ரோமிலிருந்து கிழக்கே, அப்ருட்சோ மாநிலத்தின் கிரான் சாஸோ மலைத்தொடரின் தெற்குச் சரிவில், 1,251 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சான்டோ ஸ்டெஃபானோ தி செசானியோ. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் கல் ஊர். இதை மையமாக வைத்துக்கொண்டால் ஒரு கோட்டை, ஒரு பெரிய மலைச் சமவெளி, ஒரு பழைய ஓவியக் கோவில் மூன்றையும் நான்கு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

இங்கே வருகிறவர்கள் திணறுவது இடம் தெரியாமல் அல்ல, வரிசை தெரியாமல்தான். மதியம் கோட்டைக்குப் போய் வெயிலில் வாடுவார்கள். மூன்று மணிக்குச் சமவெளிக்கு ஏறுவார்கள், அதற்குள் சிகரம் மேகத்துக்குள் போயிருக்கும். கோவில் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதனால் இந்த வழிகாட்டி செய்ய வேண்டிய வரிசையிலேயே போகிறது.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: காம்போ இம்பெராத்தோரே சமவெளிக்குப் போகும் மலைச்சாலை திறந்திருக்குமா என்பது. பனிக்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். திறப்பது அந்த வருடத்துப் பனியைப் பொறுத்தது. ஏப்ரலில் வந்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் பாதி வரை புல்வெளி பச்சையாக இருக்கும், பூக்களும் இருக்கும். செப்டம்பர் என்றால் கூட்டம் குறைவு, வானம் தெளிவு, ஊரின் கரும்பழுப்பு நிறத்துச் சின்ன லென்டில் (மைசூர்ப் பருப்பு வகை) அப்போதுதான் புது அறுவடையாகக் கிடைக்கும். எனக்குக் கேட்டால் செப்டம்பர்தான். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இத்தாலி முழுக்க விடுமுறை, வண்டி நிறுத்த இடமே கிடைக்காது.

அக்டோபர் கடைசியில் வருகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. தெற்கே நவெல்லி சமவெளியில் குங்குமப்பூ பறிக்கும் நேரம் அது. ஆனால் மலையில் பனி விழ ஆரம்பித்துவிடலாம். இரண்டையும் சேர்த்து எதிர்பார்க்காதீர்கள்.

2. வண்டியா பஸ்ஸா

ரோம் திபுர்த்தினா பஸ் நிலையத்திலிருந்து மாவட்டத் தலைநகரான லாக்குயிலாவுக்கு நேரடி பஸ்கள் இருக்கின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். லாக்குயிலாவிலிருந்து ஊருக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம் என்றாலும் பஸ்கள் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமையை நம்பவே முடியாது. மேலும் ஊரிலிருந்து சமவெளிக்கும், ஓவியக் கோவிலுக்கும் பஸ்ஸில் போய்வருவது நடக்காத காரியம்.

அதனால் வாடகைக் கார்தான் வழி. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்திய உரிமத்தை மட்டும் வைத்து இத்தாலியில் ஓட்டக் கூடாது. இங்கே வந்த பிறகு அதை வாங்க வழியில்லை. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பனி டயரோ சங்கிலியோ வண்டியில் இருக்க வேண்டும். கார் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

சின்னக் காராக எடுங்கள். மலையூர்ச் சாலைகளில் எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். பெட்ரோலை லாக்குயிலாவிலேயே முழுதாக நிரப்பிவிடுங்கள். மேலே போய் பங்க் தேடுவது வீண் அலைச்சல்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜூலை மாதம், இத்தாலி, வெயில் என்று நினைத்துக்கொண்டு செருப்போடு வந்து நிற்பார்கள். லாக்குயிலா ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியின் மேல்முனை 2,130 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் கீழே 28 என்றால் மேலே 19, அதோடு காற்று வேறு.

பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, ஒரு ஸ்வெட்டர், தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். இவ்வளவு கட்டாயம். இது சுண்ணாம்புக்கல் மலை. மழைத் தண்ணீர் பாறைக்குள் இறங்கிவிடும், மேலே ஓடை என்று ஒன்றும் நிற்காது. வழியில் எங்காவது பிடித்துக்கொள்ளலாம் என்று காலி பாட்டிலோடு கிளம்பாதீர்கள்.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் சிக்னல் கிடையாது. அவசர எண் 112. கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். ஊருக்குள் கார் போகாது. வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கல் பாவிய படிச் சந்துகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். முதுகுப் பை போதும்.

4. முதல் மாலை: ஊருக்குள் மட்டும்

வந்து சேர்ந்த அன்றைக்கே மலைக்கு ஓடாதீர்கள். பயணக் களைப்போடு வளைவுச் சாலையில் ஏறுவது ஆபத்து, மாலையில் மேலே பார்க்கவும் ஒன்றும் தெரியாது. ஊரோ மாலையில்தான் அழகு. பகலில் வந்த சுற்றுலாக்காரர்கள் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள்.

ஊரின் வாயில் வளைவுக்கு மேலே பாருங்கள், உருண்டைகள் பதித்த கேடயம் இருக்கும். அது ஃபுளோரன்ஸ் நகரத்து மெதிச்சி குடும்பத்தின் சின்னம். வங்கி நடத்திய பெரிய வீட்டுக்காரர்கள் இந்த மலை மூலையில் என்ன செய்தார்கள் என்று தோன்றும். கம்பளிதான் காரணம். இங்கே கிடைத்த முரட்டுக் கறுப்புக் கம்பளி துறவிகளின் அங்கிக்கும் படைவீரர்களின் உடைக்கும் போனது. 1579-ல் பிக்கோலோமினி குடும்பத்திடமிருந்து இந்தப் பகுதி மெதிச்சி கைக்கு வந்து, 1743 வரை அவர்களிடமே இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால், இவ்வளவு சின்ன ஊரில் செதுக்கிய ஜன்னல் சட்டங்கள் எப்படி வந்தன என்பது புரியும்.

அப்புறம் சந்துகளுக்குள் போங்கள். பாதி சந்துகளுக்கு மேலே வீடுகள் வளைவாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மேலே அறை, கீழே பாதை. பனிக்காலத்தில் காற்றும் பனியும் உள்ளே வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஆகஸ்டிலும் குளிர்ந்திருக்கும்.

உச்சியில் நிற்கும் உருண்டைக் கோபுரம் 2009 ஏப்ரல் 6-ஆம் தேதி நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. சில வீடுகளில் இன்னமும் முட்டுக் கட்டைகள் நிற்பதைப் பார்க்கலாம். கயிறோ தடுப்போ கட்டியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். அது அலங்காரத்துக்குக் கட்டியதல்ல.

இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவுடனேயே சொல்லி வையுங்கள். சீசன் இல்லாத நாட்களில், அதுவும் வார நடுவில், பல உணவகங்கள் திறப்பதே இல்லை. சைவக்காரர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். லென்டில் சூப் எங்கேயும் உண்டு. உளுந்தளவு சின்னது, ஊற வைக்கத் தேவையில்லை, தோல் உரியாமல் வேகும். ஆனால் சிலர் அதில் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்கள். 'சென்சா கார்னே' என்று சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள்.

5. இரண்டாம் நாள்: ரோக்கா கலாஷோ கோட்டைக்கு நடந்தே போங்கள்

எல்லோரும் காரில் போகிறார்கள். கீழே கலாஷோ ஊர் வரை போய், அங்கிருந்து மேலே ஏறுவது வழக்கமான வழி. நெரிசல் நாட்களில் கோட்டையடி வரை காரை விடுவதில்லை, கீழே நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஆனால் சான்டோ ஸ்டெஃபானோவிலிருந்து மலை முதுகின் வழியாக ஒரு நடைபாதை இருக்கிறது. ஒன்றரை மணி நேரம், ஏற்றம் இருநூறு மீட்டருக்குச் சற்றுக் கூட. பெரிய ஏற்றமல்ல, பழக்கமில்லாதவர்களும் போகலாம்.

நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த நாள் 2,000 மீட்டருக்கு மேலே போகப் போகிறீர்கள். உங்கள் ஷூ கடிக்கிறதா, முழங்கால் தாங்குகிறதா, கூட வருகிறவர் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும்.

காலை ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள். பாதையில் நிழல் கிடையாது. சிவப்பு வெள்ளைப் பட்டை பாறைகளிலும் கம்பங்களிலும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். இத்தாலியில் நடைபாதைகளைச் சிரமத்துக்கேற்ப எழுத்தால் குறிப்பார்கள். பலகையில் 'டி' (T) இருந்தால் சுலபம், 'ஈ' (E) என்றால் சாதாரண மலைநடை, இரட்டை 'ஈ' (EE) என்றால் அனுபவசாலிகளுக்கு மட்டும். பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பதற்கானது. படம் எடுப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்து அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் வந்தால் கோட்டைக்கு முன்னால் எண்கோண வடிவில் ஒரு கோவில் தனியாக நிற்கும். சான்தா மரியா தெல்லா பியெத்தா. கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும், உள்ளே போகிற எதிர்பார்ப்பு வேண்டாம். அதைத் தாண்டி ஒரு ஐம்பது அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கோவிலும் அதற்குப் பின்னால் கிரான் சாஸோ மலைச்சுவரும் ஒரே பார்வையில் வரும். எல்லோரும் படம் எடுப்பது கோட்டை மேலிருந்து. இது அதைவிட நன்றாக இருக்கும்.

கோட்டை ஏறத்தாழ 1,460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் சதுரக் காவற்கோபுரம், நான்கு மூலையிலும் உருண்டைக் கோபுரங்கள். சதுரக் கோபுரம்தான் மூத்தது. மூலைக் கோபுரங்களும் சுற்றுச்சுவரும் பதினைந்தாம் நூற்றாண்டில் பிக்கோலோமினி காலத்தில் சேர்ந்தவை. நடுக்கோபுரத்தின் வாசலைக் கவனியுங்கள், தரையிலிருந்து சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். பகைவர் வந்தால் உள்ளே இருப்பவர்கள் மர ஏணியை எடுத்துவிட்டால் போதும். சுவரின் கீழ்ப்பாதிக் கற்கள் பெரிது, மேல்பாதி சிறிது. கோட்டையை ஒட்டிய குடியிருப்பு 1703 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய காலியாகிவிட்டது.

சுவர் விளிம்பில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது இங்கே வழக்கமான கிறுக்குத்தனம். காற்று எப்போது வீசும் என்று சொல்ல முடியாது. செய்யாதீர்கள்.

பதினொரு மணிக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு மேல் இரண்டரை வரைதான். மூன்று மணிக்குப் போய் நின்றால் காபிதான் கிடைக்கும்.

6. காம்போ இம்பெராத்தோரே: எந்த நாள் என்று நீங்கள் குறிக்காதீர்கள், வானம் குறிக்கட்டும்

மூன்றாம் நாள் என்று எழுதி வைத்தாலும், இந்த ஒரு நாளை மட்டும் நகர்த்தக்கூடியதாக வையுங்கள். கோட்டையையும் கோவிலையும் மேகமூட்டத்திலும் பார்க்கலாம். சமவெளியை முடியாது. ஒவ்வொரு இரவும் வானிலை பாருங்கள். லாக்குயிலாவுக்கு அல்ல, காம்போ இம்பெராத்தோரே என்று போட்டே பாருங்கள். எந்தக் காலை தெளிவோ அந்தக் காலை கிளம்புங்கள்.

இது சுமார் 27 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் கொண்ட புல்வெளி. மரமே இல்லாத பெருவெளி என்பதால் தூரக் கணக்கு ஏமாற்றும். பக்கத்தில் தெரியும் பாறைக்கு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். சாலையிலிருந்து விலகி நடக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஊரிலிருந்து ஏறும் சாலை ரக்கோல்லோ என்ற சிறிய ஏரிக்குப் பக்கத்தில் சமவெளியைத் தொடும். ஏரி என்று பெயர், கோடை முற்றினால் சேறாகிவிடும். கவலைப்படாதீர்கள், குதிரைகளும் ஆடுகளும் அங்கேதான் நிற்கும்.

இங்கிருந்து மேற்கா கிழக்கா என்பதுதான் கேள்வி. முதலில் மேற்கு. அந்தப் பக்கம்தான் உயரம், அங்கேதான் சிகரம். காலையில் தரை சூடாகச் சூடாக ஈரக்காற்று மலைச்சுவரில் ஏறி மேகமாகிவிடும். ஜூலை ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னலே வரும். எட்டரை ஒன்பதுக்குள் மேல்முனையில் இருக்கப் பாருங்கள்.

அங்கே சாலை முடியும் இடத்தில் பழைய ஹோட்டல் கட்டடம் நிற்கிறது. 1943 செப்டம்பர் 12-ல், காவலில் இருந்த முசோலினியை ஜெர்மன் வீரர்கள் கிளைடர் விமானங்களில் வந்திறங்கி மீட்டுப்போனது இங்கிருந்துதான். கார் இல்லாதவர்கள் லாக்குயிலா பக்கத்து ஃபோந்தே செர்ரேத்தோவிலிருந்து ரோப்காரில் இதே இடத்துக்கு வரலாம்.

கட்டடத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். வானாய்வுக்கூடத்துக்குப் பின்னாலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் 2,388 மீட்டரில் தூக்கா தெலி அப்ருட்சி என்ற மலைக்குடில். முதன்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த நடையைத்தான். ஏற்றம் 260 மீட்டர்தான். மேலே போனதும் 2,912 மீட்டர் உயரக் கோர்னோ கிராந்தே, அபெனின் மலைகளின் மிக உயர்ந்த சிகரம், எதிரே வந்து நிற்கும். வழியில் சரளைக் கற்கள் உருளும். இறங்கும்போது குதிகாலை அழுத்தி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

சிகரத்துக்கே போகலாமா என்று கேட்பார்கள். சாதாரண வழியே இரட்டை 'ஈ' வகை. ஜூனிலும் பனித் திட்டுகள் இருக்கும். மலையேறிப் பழகியவர்கள் துணையோடு போங்கள், மற்றவர்கள் குடிலோடு திரும்புங்கள்.

மதியத்துக்குள் கீழே வந்து கிழக்கே ஃபோந்தே வேத்திகா பக்கம் ஓட்டுங்கள். போகும் வழியில் சாலையோரம் இறைச்சிக் கடைகள் இருக்கும். அரோஸ்டிசினி என்ற ஆட்டிறைச்சிக் குச்சிகளை எண்ணிப் பச்சையாகவே தருவார்கள், வெளியே நீளமான கரி அடுப்பில் நாமே சுட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தீ எரியும்போதே வைத்துக் கருக்கிவிடுவார்கள். கரி சாம்பல் பூத்த பிறகு வையுங்கள், அடிக்கடி புரட்டுங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அங்கே பெக்கோரினோ என்ற ஆட்டுப்பால் சீஸ்தான்.

ஃபோந்தே வேத்திகாவில் 1919 பனிப்புயலில் தன் பிள்ளைகளோடு இறந்த இடையர் ஒருவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. மலையில் ஆடு மேய்த்துப் பழகியவர்களுக்கே அப்படி நடந்திருக்கிறது. மூடுபனி இறங்கினால் நடப்பதை நிறுத்திவிட்டு, தெரிந்த பாதையில் காருக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி தேட வேண்டாம்.

7. வெள்ளை நாய்கள்

இதைப் படிக்காமல் சமவெளிக்குப் போகாதீர்கள். ஆட்டு மந்தையோடு பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பதற்கென்றே குட்டியிலிருந்து ஆடுகளோடு வளர்த்தவை. சிலவற்றின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை இருக்கும், ஓநாய் குரல்வளையைக் கவ்வாமல் இருக்க. இடையர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவை தாமாகவே காவல் காக்கும்.

மந்தை தூரத்தில் தெரிந்ததுமே பெரிய அரைவட்டம் போட்டு விலகிப் போங்கள். நடுவில் புகுந்து படம் எடுக்க வேண்டாம். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் நின்றுவிடுங்கள். ஓடாதீர்கள், நடைக்கோலை ஓங்காதீர்கள், கல்லைத் தேடிக் குனியாதீர்கள். நம் ஊரில் தெருநாயைக் குனிந்து மிரட்டுகிற பழக்கம் இங்கே எதிர்வினையைத்தான் கொண்டுவரும். கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல், சாதாரணக் குரலில் ஏதாவது பேசிக்கொண்டே வந்த வழியில் மெல்லப் பின்வாங்குங்கள். மந்தையிலிருந்து தூரம் கூடியதும் அது திரும்பிவிடும். பிஸ்கட் போட்டுப் பழக்காதீர்கள், சாலைக்கு வரப் பழகிவிடும்.

8. கடைசி நாள்: பொமினாக்கோவின் சாவி

முதலில் சொன்ன பழைய ஓவியக் கோவில் பொமினாக்கோ என்ற ஊரில் இருக்கும் சான் பெல்லெக்ரீனோதான். அதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் எளிது. அது லாக்குயிலாவுக்குத் திரும்பும் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது, வானிலையும் அதற்குத் தடையில்லை. சான்டோ ஸ்டெஃபானோவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

சும்மா போய் நிற்காதீர்கள். இந்தப் பக்கத்துச் சின்னக் கோவில்களில் சாவி ஊர்க்காரர் ஒருவரிடம் இருக்கும். முந்தின நாளே தங்குமிடத்தில் சொல்லி, தொலைபேசியில் நேரம் கேட்டுவிடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை யாரையும் எழுப்பாதீர்கள். காலை பத்து மணி நல்ல நேரம். போகும்போது காணிக்கையாகச் சில யூரோ வைப்பது மரியாதை.

வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே சுவரிலும் கூரையிலும் ஒரு சாண் இடம் விடாமல் ஓவியம். இப்போதிருக்கும் கட்டடம் 1263-ல் தியோதீனோ என்ற மடத் தலைவர் திருப்பணி செய்தது. முதலில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். குறுக்கே நிற்கும் இரண்டு கல் பலகைகளைப் பாருங்கள், அவற்றில் டிராகனும் இறக்கை வைத்த கிரிஃபின் மிருகமும் செதுக்கியிருக்கும். அதற்கு அப்பால் மாதங்கள் வரைந்த நாட்காட்டி இருக்கிறது. மாதத்துக்கொரு உருவம், பக்கத்தில் திருநாட்களின் வரிசை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வருடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு கூரைக்கு வாருங்கள்.

ஃபிளாஷ் போடக் கூடாது, சுவரில் சாயவும் கூடாது. பக்கத்துச் சரிவில் இருக்கும் சான்தா மரியா அசுந்தா கோவிலையும் அதே சாவிக்காரரிடம் கேட்டால் திறந்து காட்டுவார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். பதினொன்றரைக்குக் கிளம்பினால் கார் திருப்பிக் கொடுப்பதற்கு முன் லாக்குயிலாவில் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கும்.